வதனியின் அப்பாவுக்கு நான் எழுதிய காட்சி

வாத்தியார் வேலையில் ஒரு வசதி உண்டு: பிழை விடுவது நாங்கள், பெயிலாவது வேறு ஆட்கள். சோக்குத் தூளை மூக்கால் இழுத்துக்கொண்டு பென்சனுக்கு நாள் எண்ணிய என் இனத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் சமூகக்கல்வி படிப்பித்தேன். விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய், பதிலுக்கு யாரும் வராததால் விஞ்ஞானமும் என் தலையில் விழுந்தது. அப்போதுதான் பாடங்களை அரங்க விளையாட்டுகள் மூலம் கற்பிப்பது பற்றி மூன்று நாள் பயிற்சி ஒன்று நடந்தது. சனி, ஞாயிறை இழக்க வேறு எவரும் தயாரில்லாததால் என்னை அனுப்பினார்கள். சான்றிதழ் கையிலும் பித்துத் தலையிலுமாகத் திரும்பி வந்தேன்.

கீழே வருவதில் சில சிரிப்பானவை. ஆனால் நடுவே ஒரு பிள்ளை வருகிறாள். அவளுடைய உண்மையான பெயர் வேண்டாம், வதனி என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டில் இருந்த தகப்பனிடம் போய்ச் சேருவதற்காகக் கொழும்பில் காத்திருந்தவள் அவள். போய்ச் சேரவில்லை. அதில் என் பங்கு எவ்வளவு என்பதை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

ஆண்டு ஒன்பது ஆவியானது

முதல் பரிசோதனை ஒன்பதாம் வகுப்பில், விஞ்ஞானத்தில். திண்மம், திரவம், வாயு. பிள்ளைகள்தான் மூலக்கூறுகள். ஐஸ் என்றால் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும். தண்ணீர் என்றால் கையை மட்டும் தொட்டபடி நகரலாம். ஆவி என்றால் ஆளாளுக்கு விரும்பிய பக்கம் போகலாம். கலவன் பாடசாலை என்பதை நான் மறந்துவிட்டேன். பொடியன்கள் ஒரு கட்டி, பெட்டைகள் ஒரு கட்டி என்று இரண்டு ஐஸ் கட்டிகள் உருவாகி, நடுவில் ஒரு ஆள் பாய் போட்டுப் படுக்கக்கூடிய இடைவெளி விட்டு நின்றன. நான் எவ்வளவு குளிரூட்டியும் இரண்டும் ஒட்டவில்லை.

சரி, சூடாக்கிப் பார்ப்போம் என்று "நூறு பாகை!" என்று கத்தினேன். நாற்பத்திரண்டு மூலக்கூறுகளும் கதவால் வெளியேறி, விறாந்தை நீளத்துக்கு ஓடி, மாடிப்படியால் இறங்கின. ஏறி வந்துகொண்டிருந்த அதிபர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அவருடைய மூக்குக்கண்ணாடி இரண்டு படி கீழே கிடந்தது. அதை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "மாஸ்டர், தண்ணியைக் கொதிக்க வைக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. மூடியொண்டைப் போட்டிட்டுக் கொதிக்க வையுங்கோ."

தெரியாது என்று சொல்லக்கூடாத கதிரை

பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது கதிரை விளையாட்டு. ஒரு பிள்ளை முன்னால் கதிரையில் இருக்கும். இருந்த கணத்திலிருந்து அது அந்தப் பிள்ளை அல்ல, பாடத்தில் வருகிற ஒரு ஆள். போர்த்துக்கேயக் கப்பலின் கப்பித்தான், கண்டி அரசனின் தூதுவன், தேயிலைத் தோட்டத்துக் கங்காணி, யாராகவும் இருக்கலாம். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். இந்த விளையாட்டுக்கு நான் என் சொந்தச் சட்டம் ஒன்றையும் சேர்த்தேன். பயிற்சி தந்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை, பழியை அவர்கள் மேல் போடக் கூடாது. சட்டம் இதுதான்: கதிரையில் இருப்பவர் "தெரியாது" என்று சொல்லக்கூடாது. தெரியாவிட்டால் கண்ணை மூடு, நிறத்தைத் தேடு, மணத்தைத் தேடு, வருவதைச் சொல். மேடையை வெறுமையாக விடாதே.

"தெரியாது சேர்" என்பது எங்கள் வகுப்புகளைப் பிடித்த நோய் என்று நான் நம்பியிருந்தேன். பிள்ளை எழும்பும், நிலத்தைப் பார்க்கும், அதைச் சொல்லும், இருக்கும். சட்டம் வந்த பிறகு கப்பித்தானிடம் கப்பலில் என்ன சாப்பிட்டீர் என்று கேட்டால் "பாணும் கட்டைச்சம்பலும், வெள்ளிக்கிழமையில மரக்கறி" என்று நெஞ்சை நிமிர்த்திப் பதில் வந்தது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நான் ஆசிரியர் அறையில் இதைப் பெருமையடித்துக்கொண்டிருந்தபோது, கணிதம் படிப்பித்த நஸீமா டீச்சர் கொப்பி திருத்துவதை நிறுத்தினார். கொழும்புப் புதுக்கடைப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர், மனதில் பட்டதைச் சொல்ல நல்ல நேரம் பார்க்காதவர். அவர் சொன்னது: "சேர், எங்கட பாடத்தில தெரியாததுக்கு x எண்டு ஒரு பேரே வச்சிருக்கிறம். தெரியாது எண்டு ஒத்துக்கிட்டாத்தான் கணக்கே தொடங்கும். நீங்க அதைப் புள்ளைகள்ட வாயில இருந்து புடுங்கிப்போட்டீங்களே."

நாற்பத்தொன்று

அப்படிச் சொன்னவரே ஒரு நாள் என் வழிக்கு வந்தார். பின்னம் படிப்பிக்கப் பிள்ளைகளையே பிரிக்கப் போவதாகச் சொன்னார். நாற்பத்திரண்டு பேர் நல்ல எண். பாதி, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று, ஏழில் ஒன்று, எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும். திங்கட்கிழமை மைதானத்தில் நடத்திப் பார்த்தார், அழகாக வந்தது. செவ்வாய்க்கிழமை மிச்சத்தை நடத்தப் போனவர் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து கதிரையில் தொப்பென்று இருந்தார்.

அந்த நாட்களில் எங்கள் வகுப்புகளில் கால்வாசிப் பிள்ளைகள் "நிற்கிற" பிள்ளைகள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, லொட்ஜ்களிலும் அனெக்ஸ்களிலும் நின்று, விசா வந்ததும் போய்விடுவார்கள். போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவும் நேரம் இருக்காது. நஸீமா டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நேத்து நாப்பத்திரெண்டு புள்ள இருந்தாங்க. ராவோட ஒரு புள்ள பிளேன் ஏறிட்டு. நாப்பத்தொண்டை நான் எதால பிரிக்க, நீங்களே சொல்லுங்க."

பருவக்காற்று

அடுத்த கிழமை அந்த இடத்துக்கு வந்தவள்தான் வதனி. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், சித்தியோடு ஒரு அறையில் இருந்தாள். அங்கே பக்கத்துப் பாடசாலைகளில் இடமில்லாததால் கொட்டாஞ்சேனைக்கு இரண்டு பஸ் எடுத்து வந்தாள். தாய் காய்ச்சலில் இறந்து சில வருடங்கள். தகப்பன் இவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது வெளிநாடு போனவர். அது எந்த நாடென்று சொல்லத் தேவையில்லை, நம்மில் பாதிப் பேருக்கு அங்கே ஆள் உண்டு. நிற்கிற பிள்ளைகளை ஆசிரியர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவோம். அவர்கள் கொப்பிகளுக்கு உறை போடமாட்டார்கள். வதனியின் கொப்பிகளும் உறையில்லாமல்தான் இருந்தன.

அவளிடம் எதைக் கேட்டாலும் "தெரியாது சேர்" வந்தது. அதுவும் இரண்டாவது வரிசைக்குக் கேட்காத குரலில். நான் விடவில்லை. வயிற்றிலிருந்து மூச்செடுக்கப் பழக்கினேன். கடைசி வாங்கில் இருப்பவனுக்குக் கேட்க வேண்டும் என்றேன். கண்ணைப் பார்த்துக் கதைக்கச் சொன்னேன். இரண்டு மாதமானது. ஒரு நாள் மழைப்பாடம். தென்மேல் பருவக்காற்றைக் கதிரையில் இருத்தினோம், காற்று வதனி. "நீ யாழ்ப்பாணத்துக்கு ஏன் மழை கொண்டு போறேல்லை?" என்று ஒருவன் கேட்டான். அவள் கண்ணை மூடித் திறந்து, வகுப்பு முழுவதையும் பார்த்துச் சொன்னாள். நான் படிப்பித்த எந்தக் குறிப்பையும்விட அது சரியாக இருந்தது: "கொழும்பில பாதியைக் கொட்டுவன். மலை மறிக்கிற இடத்தில மிச்சத்தையும் குடுத்திடுவன். உங்கட ஊருக்கு வரேக்க என்னட்டை ஒண்டும் இராது, தம்பி. வெறுங்கையோட வாறதுக்கு எனக்கும் வெக்கம்தான்."

பதிவுப் புத்தகத்தில் ஒரு பாராட்டு

ஆசிரிய ஆலோசகர் ஒருவர் வகுப்பைப் பார்வையிட வந்தார். நீளக் கை சேர்ட், சட்டைப்பையில் மூன்று பேனை. மகாவலி எங்கே கடலில் கலக்கிறது என்று பின்வாங்குப் பொடியன் ஒருவனைக் கேட்டார். அவனுக்கு விடை தெரியாது. ஆனால் சட்டம் தெரியும். எழும்பி, இரண்டு கையையும் விரித்து, ஆறு எப்படி வளைந்து வருகிறது, கரையில் என்ன மரம் நிற்கிறது, தண்ணீர் என்ன நிறம் என்றெல்லாம் விவரித்து, கடைசியில், திருகோணமலைக்குப் போக வேண்டிய அதைக் கொண்டுபோய் மேற்குக் கரையில் நீர்கொழும்பில் கடலில் விட்டான். வகுப்பு கைதட்டியது. நானும் தட்டினேன்.

ஆலோசகர் தேத்தண்ணி குடித்தார், பதிவுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினார், போனார். அந்த வரியை அன்றைக்கு நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மனைவிக்கும் சொன்னேன். எனக்கு அவ்வளவுதான் அறிவு. அவர் எழுதியிருந்தது: "இவ்வாசிரியரின் மாணவர்கள் பிழையான விடைகளையும் சிறிதும் ஐயமின்றிக் கூறுகின்றனர்."

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை

தூதரகத்திலிருந்து நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்ததும் வதனியின் சித்தி என்னைத் தேடிப் பாடசாலைக்கு வந்தா. முப்பது வயதிருக்கும். அக்காவின் பிள்ளையை ஒப்படைக்கும் வரைக்கும் தன் கலியாணப் பேச்சைத் தள்ளிப் போட்டிருந்தவ. "அங்க போய் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டாளெண்டா, தேப்பனும் பிள்ளையுமெண்டு ஆர் நம்புவினம், சேர்? நீங்கள்தான் கொஞ்சம் பழக்கிவிட வேணும்" என்றா. எனக்கு உச்சி குளிர்ந்தது. நாலு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரத்தில், வெள்ளவத்தைக்குப் போனேன். அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு ட்ரங்குப் பெட்டி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. நான் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு ட்ரங்குப் பெட்டிக்கு அந்தப் பக்கம் அதிகாரியாக இருந்தேன்.

பெயர், ஊர், தாயின் பெயர், எல்லாம் நன்றாகச் சொன்னாள். "உங்கட அப்பாவைப் பற்றி என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்டேன். "ஒண்டும் ஞாபகம் இல்லை, சேர். எனக்கு அப்ப மூண்டு வயது" என்றாள். உண்மையான, நேரான, அழகான பதில். அதை நான் வெட்டினேன். "அப்பிடிச் சொல்லக்கூடாது பிள்ளை. கண்ணை மூடு. நிறத்தைத் தேடு" என்றேன். முதலில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது ஞாயிறு ஒரு நீலச் சேர்ட் வந்தது. மூன்றாவது ஞாயிறு கோயில், தேர்த் திருவிழா, தகப்பனின் தோளில் இருக்கும் உயரம், அவருடைய தலைமயிரின் வேர்வை மணம், ஒரு சுருள் கச்சான் கடலை, தேர் வடத்தைக் குனிந்து தொட வைத்த கை. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு அந்தக் காட்சியை நானே எழுதினேன், அவள் வாயால் எழுதினேன். நாலாவது ஞாயிறு அவள் அதைச் சொல்லி அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

சித்தி மட்டும் அடுப்படியிலிருந்து, "அத்தான் அந்த நேரம் வீட்டில நிண்டது குறைவு, சேர்" என்று மெல்லச் சொன்னா. "குறைவெண்டா ஒருநாளும் நிக்கேல்லையெண்டு இல்லைத்தானே" என்று நான் அவவின் வாயை அடைத்தேன். கெட்டிக்காரத்தனமான பதில், வாயடைக்கும் பதில், வாத்தியார்மாரின் பதில். வெளிக்கிடும்போது வதனி படிவரைக்கும் வந்தாள். அவள் கேட்டதை நான் என் வெற்றியாக எடுத்துக்கொண்டு, சந்தோஷமாக பஸ் ஏறினேன். அவள் கேட்டது: "சேர், இது நடந்ததோ, நாங்கள் நினைச்சதோ எண்டு எனக்கே இப்பத் தெரியேல்லை. அது பரவாயில்லையோ?"

தூதரக வாசல்

நேர்முகத்தன்று லீவு போட்டுவிட்டு நானும் போனேன். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். வாசலுக்கு எதிரே மரத்தின் கீழ் நின்ற என்னைக் காவல்காரர் "மாத்தயா, மெதன இன்ன பே" என்று கலைத்தார். அங்கே நிற்கக் கூடாதாம். கொஞ்சம் தள்ளி நின்றேன். மறுபடி வந்தார். அடையாள அட்டையைக் காட்டி, நான் இந்தப் பிள்ளையின் ஆசிரியர் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். ஆசிரியர் என்றதும் மனிதர் இரங்கி, பஸ் தரிப்பில் நிற்க விட்டார்.

இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு வதனியும் சித்தியும் வந்தார்கள். பிள்ளையின் முகத்தில் பரிசளிப்பு விழா முடிந்து வருகிற களை. நான் கேட்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கினாள்: "நிலத்தைப் பாக்கேல்லை, சேர். கண்ணைத்தான் பாத்தனான். தேர்க் கதையைச் சொல்லேக்க, மொழிபெயர்த்த அக்கா லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைச்சவ. கேள்வி கேட்ட வெள்ளைக்காரர்தான் பழைய பைலொண்டைப் பிரட்டிப் பிரட்டி எழுதிக்கொண்டிருந்தவர்."

இரண்டு கடிதங்கள்

மறுப்புக் கடிதம் இரண்டு மாதத்தில் வந்தது. ஆங்கிலம் கடினமாக இருந்ததால் சித்தி அதை என்னிடமே கொண்டு வந்தா. ஆசிரியர் அறையில் நஸீமா டீச்சரும் நானும் படித்தோம். தகப்பன் அந்த நாட்டில் அகதியாகத் தஞ்சம் கேட்டபோது எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அவர்களிடம் இருந்தது. ஊரைவிட்டு வருவதற்கு முந்தின ஒன்றரை வருடமாக வீட்டுக்கே போகவில்லை, ஆமிக்குப் பயந்து ஊர்ச்சனம் கண்ணில் படாமல் ஒளிந்திருந்தேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். அது உண்மை. மகளோ, அதே காலத்தில் ஊர் முழுக்கக் கூடிய தேர்த் திருவிழாவில் தகப்பன் தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார் என்கிறாள். ஆகவே ஒன்றில் இவள் அவருடைய மகள் அல்ல, அல்லது அவர் சொன்னது பொய். சொல்லிக்கொடுத்துப் பழக்கிய பதில்களாகத் தோன்றுகின்றன என்றும் ஒரு வரி இருந்தது. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்றிருந்தால் எவரும் எதையும் கேட்டிருக்கமாட்டார்கள். நஸீமா டீச்சர் கடிதத்தை மடித்து உறையில் போட்டு என் முன்னால் வைத்தார்.

அன்றே தூதரகத்துக்கு நானும் ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். குற்றம் என்னுடையது, அந்தக் காட்சியை வகுப்பறை அரங்க முறைப்படி நான்தான் உருவாக்கினேன், பிள்ளை அப்பாவி என்று மூன்று பக்கம். மனச்சாட்சியைக் கழுவிய நிம்மதியில் அதன் பிரதியை அதிபரிடம் காட்டினேன். உங்கள் கடிதம் விண்ணப்பதாரியின் கோப்பில் சேர்க்கப்பட்டுள்ளது என்று தூதரகத்திலிருந்து ஒற்றை வரிப் பதில் வந்தது பிறகுதான். ஆனால் அதிபர் அன்றைக்கே விஷயத்தைப் பிடித்துவிட்டார். பிரதியை மடித்து என் கையில் திரும்பத் தந்து சொன்னார்: "சொல்லிக்குடுத்தது எண்டு அவங்களுக்குச் சந்தேகம்தான் இருந்தது, மாஸ்டர். நீங்கள் அதுக்குக் கையெழுத்துப் போட்டுச் சாட்சி குடுத்திருக்கிறீங்கள்."

பிரவுண் பேப்பர்

அதோடு கதிரையைச் சுவரோரம் தள்ளிவிட்டேன். கரும்பலகையில் குறிப்பு எழுதினேன், பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். மூலக்கூறுகள் வாங்கில் ஒழுங்காக இருந்தன. "சேர், உங்களுக்குச் சுகமில்லையோ?" என்று பின்வாங்கு மகாவலிக்காரன் கேட்டான். வதனி பாடசாலைக்கு ஒழுங்காக வந்தாள். என்மேல் கோபம் காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த தவணை தொடங்கிய கிழமை கொப்பிகளைத் திருத்த எடுத்தேன். வதனியின் கொப்பி எல்லாவற்றுக்கும் பிரவுண் பேப்பர் உறை. மூலைகளை மடித்து, பெயர் எழுதிய துண்டு ஒட்டி, வடிவாகப் போட்டிருந்தாள். நான் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, பழைய குரலில், இரண்டாவது வரிசைக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "சித்திதான் போடச் சொன்னவ, சேர். இனி இங்க கன நாள் இருக்க வேண்டி வருமாம்."

மூன்று கிழமை லீவு

கன நாள்தான் இருந்தாள். மகளின் கதையால் தகப்பனுடைய வாக்குமூலத்திலேயே சந்தேகம் விழுந்து, அவர் முதலில் தன் அகதிக் கோப்பைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. அதற்கு வருடங்கள் போயின. பிறகு இரத்தப் பரிசோதனை செய்து, இவள் அவருடைய மகள்தான் என்று உறுதியாயிற்று. ஆனால் பழைய விண்ணப்பம் மூடப்பட்டிருந்தது. புதிதாகப் போடப் பார்த்தால், தகப்பனின் பராமரிப்பில் உள்ள பிள்ளை என்று கணக்கெடுக்கும் வயதை அவள் தாண்டியிருந்தாள். உயர்தரம் முடித்து, கல்கிசையில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். சித்திக்குக் கலியாணம் நடக்கவேயில்லை.

போர் நின்று பேச்சுவார்த்தை நடந்த அந்த இடைவெளியில் வெளிநாட்டுக்காரர் வந்துபோகத் தொடங்கியபோது வதனியின் தகப்பனும் வந்தார். பாடசாலைக்கு என்னைத் தேடி வந்தார். பருத்த உடம்பு, நரைத்த மீசை, கையில் சொக்கலேட் பை. பிள்ளைகள் போன வகுப்பறையில், சின்ன வாங்கில் முழங்கால் இடிக்க இருந்தார். எத்தனையோ வருடமாக மனதுக்குள் எழுதி வைத்திருந்த மன்னிப்பை நான் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "மன்னிப்பை விடுங்கோ, சேர். நான் அவளை ஒருநாளும் தோளில தூக்கினதில்லை. அவளுக்கு ஒண்டரை வயசிலயே பயத்தில வீட்டைவிட்டு வெளிக்கிட்டவன். டெலிபோனில அவள் அந்தத் தேர்க் கதையைச் சொல்லேக்க, இல்லையெண்டு சொல்ல மனம் வராமல், ஓம் பிள்ளை, ஓம் பிள்ளையெண்டு கேட்டுக்கொண்டிருந்தனான். நடக்கேல்லையெண்டு அவளுக்கும் தெரியும். எண்டாலும் அந்த அப்பாவோடதான் அவள் இவ்வளவு காலமும் இருந்தவள். நான் வந்து ஒரு கிழமையாகுது. விருந்தாளிக்குப் போல கோப்பையும் சோசருமாத் தேத்தண்ணி தந்துபோட்டுத் தள்ளி நிக்கிறாள்."

சொக்கலேட் பையின் வாயை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். பிறகு, பாடம் கேட்க வந்த பிள்ளையைப் போல வாங்கில் நிமிர்ந்து இருந்துகொண்டு கேட்டார்: "எனக்கு மூண்டு கிழமைதான் லீவு, அதில ஒண்டு போயிட்டுது. நீங்கள் ஆக்கின அந்த மனிசன் எப்பிடிக் கதைச்சவர், எப்பிடிச் சிரிச்சவர், பிள்ளையை எப்பிடித் தூக்கினவர் எண்டு எனக்கும் கொஞ்சம் பழக்கிவிடுங்கோ, சேர்."

நடித்துப் படித்ததைப் பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது என்று சான்றிதழ் தந்தவர்கள் சொன்னார்கள், அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை.